ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும் சைகடெலிக் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காளானிலிருந்து கிடைக்கும் சைலோசைபின் மனச்சோர்வைக் குறைக்கிறது என்றோ, எல்.எஸ்.டி. மறுபடியும் ஆய்வகத்துக்குள் வந்துவிட்டது என்றோ செய்தி வரும்போதெல்லாம் இது ஏதோ நேற்று முளைத்த துறை என்ற எண்ணம் ஏற்படுகிறது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே நின்ற ஒரு மனநல மருத்துவமனையில், சைகடெலிக் எனப்படும் இத்தகைய மருந்துகளை வைத்துச் சிகிச்சை செய்யும் வேலை 1950களிலேயே முறையாக நடந்திருக்கிறது. அதை முன்னின்று நடத்திய மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டைப் பற்றியும் அவருடைய ஆய்வைப் பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் யார்?

1917 ஜூலை 1 அன்று இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். லண்டனில் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் படித்து, இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றினார். போருக்குப் பின் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மனநலப் பிரிவில் சேர்ந்தார். 1951இல் கனடாவுக்குச் சென்று, சஸ்காச்சுவானின் வேய்பர்ன் மனநல மருத்துவமனையில் 1961 வரை இருந்தார். பின்னர் அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலும் அலபாமாவிலும் வேலை பார்த்தார். 2004 பிப்ரவரி 6 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் ஆப்பிள்டன் நகரில், 86ஆம் வயதில் காலமானார்.

லண்டனை விட்டு அவ்வளவு தொலைவிலுள்ள ஊருக்கு ஏன் போனார்?

லண்டனில் அவருடைய யோசனைக்குக் காது கொடுப்பார் இல்லை என்பதுதான் முதல் காரணம். மனநோய்க்கு உடலின் வேதியியலில் வேர் இருக்கலாம் என்று அவரும் சக மருத்துவர் ஜான் ஸ்மித்தீஸும் கருதினர்; அன்றைய லண்டன் மனநல மருத்துவ வட்டாரத்திலோ, அந்த வேரை ஆழ்மனத்தில் தேடும் உளப்பகுப்பாய்வின் செல்வாக்கு ஓங்கியிருந்தது.

சஸ்காச்சுவானின் நிலைமை வேறு. அங்கே முதலமைச்சராக இருந்த டாமி டக்ளஸ், மாகாணம் முழுவதற்குமான அரசு மருத்துவமனைக் காப்பீட்டை 1947இலேயே கொண்டு வந்தவர். வேய்பர்ன் அவருடைய சொந்தத் தொகுதியும்கூட. ஆள் பற்றாக்குறை மிகுந்த மாகாணம் என்பதால், வெளியிலிருந்து வரும் மருத்துவர்களை வரவேற்றதோடு, அவர்கள் கேட்ட ஆய்வுகளைச் செய்யவும் இடம் கொடுத்தார்கள். மாகாணத்தின் மனநல ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஏப்ரம் ஹாஃபர் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற பின் மருத்துவமும் படித்தவர்; ஆஸ்மண்டுக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டாளி கிடைத்திருக்க முடியாது.

மருத்துவமனையோ அவர் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. 1921இல் பெருமையோடு திறக்கப்பட்ட அந்தப் பிரம்மாண்டமான செங்கல் கட்டடத்தில், அவர் போய்ச் சேர்ந்தபோது, கட்டியவர்கள் நினைத்ததைவிட மிகக் கூடுதலான நோயாளிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். அவர்களில் பலருக்கு எந்தச் சிகிச்சையும் நடக்கவில்லை. சோறு போட்டு அடைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆஸ்மண்டின் பிற்கால ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்தக் கட்டடத்தின் நிழல் விழுந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

மெஸ்கலினுக்கும் மனச்சிதைவு நோய்க்கும் என்ன தொடர்பைக் கண்டார்?

பெயோட்டி என்ற சிறு கள்ளியில் உள்ள வேதிப்பொருள் மெஸ்கலின். அதை உட்கொண்டவர்கள் சொல்லும் அனுபவங்கள், அதாவது நிறங்கள் மாறுவது, காலம் நீள்வது, தன் உடலே தனக்கு அந்நியமாவது போன்றவை, மனச்சிதைவு நோயாளிகள் சொல்லும் சிலவற்றோடு ஒத்துப்போவதை ஆஸ்மண்டும் ஸ்மித்தீஸும் கவனித்தனர். மெஸ்கலினின் மூலக்கூறு அமைப்பு, நம் உடலிலேயே சுரக்கும் அட்ரீனலினின் அமைப்பை ஒத்திருப்பதும் அவர்கள் கண்ணில் பட்டது. அப்படியானால், உடல் அட்ரீனலினைச் சிதைக்கும் வழியில் எங்கோ பிசகி, மெஸ்கலினைப் போன்ற நச்சு ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்வதுதான் மனச்சிதைவோ என்று கேட்டார்கள். 1952இல் இந்தக் கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வேய்பர்னில் ஹாஃபரோடு சேர்ந்து, அட்ரீனலின் ஆக்ஸிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் அட்ரினோகுரோம்தான் அந்தப் பொருள் என்று ஆஸ்மண்ட் வாதாடத் தொடங்கினார்.

அந்தக் கருதுகோள் நிரூபிக்கப்பட்டதா?

இல்லை. அட்ரினோகுரோம் கொள்கையை மற்ற ஆய்வகங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. அதை ஒட்டி ஹாஃபரும் ஆஸ்மண்டும் பரிந்துரைத்த பெரும் அளவு நியாசின் வைட்டமின் சிகிச்சையையும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு ஒன்று 1973இல் ஆராய்ந்து, ஆதாரமில்லை என்று ஒதுக்கியது. இருவரும் அதை ஏற்கவில்லை. ஆஸ்மண்டைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது நேர்மையாகாது. தவறான ஒரு கருதுகோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்தான், வழியில் வேறொன்றைக் கண்டெடுத்தார். மனநோய்க்கு வேதியியல் வேர் உண்டா என்ற கேள்வியை அவர் தீவிரமாக எழுப்பியதற்கான மதிப்பு தனி.

மருத்துவர்களே மருந்தை உட்கொண்டார்கள் என்பது உண்மையா?

உண்மை, அது ஒளித்துச் செய்யப்பட்டதும் அல்ல. ஆஸ்மண்ட் லண்டனிலேயே மெஸ்கலினைத் தாமே உட்கொண்டு குறிப்பெடுத்தவர். வேய்பர்னில் மருத்துவர்கள், செவிலியர்கள், உளவியலாளர்கள், சில வேளைகளில் அவர்களுடைய வாழ்க்கைத்துணைகள் என்று பலரும் தன்னார்வத்தோடு எல்.எஸ்.டி.யோ மெஸ்கலினோ எடுத்துக்கொண்டார்கள். நோயாளி பார்க்கும் உலகத்தைச் சில மணி நேரமாவது உள்ளே நின்று பார்த்தவருக்கே அவருடைய பேச்சு புரியும் என்பது ஆஸ்மண்டின் நிலைப்பாடு. 1959இல் டங்கன் புளூவெட்டும் நிக்கோலஸ் சுவெலோஸும் எழுதிய சிகிச்சைக் கையேடும், சிகிச்சை அளிப்பவர் அந்த அனுபவத்தை முன்பே பெற்றிருக்க வேண்டும் என்றது. இன்றைய ஆய்வு நெறிமுறைக் குழு எதுவும் இதை எளிதில் ஒப்புக்கொள்ளாது.

எல்.எஸ்.டி. அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சாண்டோஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் உருவாக்கிய பொருள் அது. அதன் விளைவை அவர் தற்செயலாக அறிந்தது 1943 ஏப்ரலில்தான். சாண்டோஸ் அதை டெலிசிட் என்ற பெயரில் ஆய்வாளர்களுக்கு அனுப்பி வந்தது. மெஸ்கலினை மில்லிகிராமில் நூற்றுக்கணக்காகக் கொடுக்க வேண்டிய இடத்தில், எல்.எஸ்.டி.யை மைக்ரோகிராமில் கொடுத்தால் போதும் என்பதால் ஆய்வாளர்கள் விரைவிலேயே அதன் பக்கம் சாய்ந்தார்கள்.

மனச்சிதைவிலிருந்து குடிநோய்க்கு ஆய்வு எப்படித் திரும்பியது?

1953இல் ஆஸ்மண்டும் ஹாஃபரும் ஒட்டாவாவில் தங்கியிருந்த ஓர் இரவில் நடந்த உரையாடலிலிருந்து தொடங்கியது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நெடுங்காலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது, சிலருக்குக் கைநடுக்கமும் பிதற்றலும் பயங்கரமான மாயத்தோற்றங்களும் சேர்ந்து வரும். டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் இந்நிலை உயிரையே எடுத்துவிடக்கூடியது. ஆனால் அதிலிருந்து மீண்டவர்களில் சிலர், 'அடிமட்டத்தைப் பார்த்துவிட்டேன்' என்று சொல்லி, அதன் பிறகு குடியைத் தொடாமல் இருந்துவிடுவதும் உண்டு. உயிருக்கு ஆபத்தில்லாமல் அப்படியொரு நிலையைச் செயற்கையாக உண்டாக்க எல்.எஸ்.டி. உதவுமா என்று இருவரும் யோசித்தார்கள். அதாவது, நோயாளியைப் பயமுறுத்தித் திருத்துவதுதான் ஆரம்பத் திட்டம்.

அதே ஆண்டில் வேய்பர்னில் இரண்டு குடிநோயாளிகளுக்கு 200 மைக்ரோகிராம் கொடுக்கப்பட்டது. ஒருவர் உடனே குடியை விட்டார். மற்றவர் சில மாதங்கள் கழித்து விட்டார். இரண்டு பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். தொடர்ந்து மேலும் பலருக்குக் கொடுத்தபோதுதான் திட்டம் தலைகீழானது. குடியை விட்டவர்கள் பயந்து விட்டவர்கள் அல்லர். தன் வாழ்க்கையைத் தானே வெளியிலிருந்து பார்த்ததாகவும், மனைவி மக்களுக்குத் தான் செய்ததை முதன்முதலாக அவர்கள் பக்கமிருந்து உணர்ந்ததாகவும், சொல்லில் அடங்காத ஓர் அமைதியைக் கண்டதாகவும் சொன்னார்கள். ஆய்வாளர்கள் தங்கள் விளக்கத்தைக் கைவிட்டு, நோயாளிகள் சொன்ன விளக்கத்துக்கு மாறினார்கள். இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சிகிச்சை நாள் எப்படி இருக்கும்?

முதலில் சில வாரங்கள் நோயாளியைத் தெரிந்துகொள்வார்கள். அவர் தன் வாழ்க்கைக் கதையை எழுதியோ சொல்லியோ தருவார். சிகிச்சை நாள் காலையில் மருந்து கொடுக்கப்படும். அளவு பெரும்பாலும் 200 மைக்ரோகிராமும் அதற்கு மேலும். மற்ற நோயாளிகள் இல்லாத தனி அறை, படுத்துக்கொள்ள வசதியான இருக்கை, இசைத்தட்டு, பூக்கள், குடும்பப் புகைப்படங்கள் என்று அறையை ஒழுங்கு செய்திருப்பார்கள். மருந்தின் வேகம் எட்டு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். அவ்வளவு நேரமும் ஒருவர் கூடவே உட்கார்ந்திருப்பார்.

அந்த 'ஒருவர்' பல நேரங்களில் செவிலியர். வேய்பர்னில் நோயாளியாக இருந்து, பிறகு அதே துறையில் செவிலியரான கே பார்லி, எல்.எஸ்.டி. நாளில் நோயாளிக்குத் துணையிருப்பது எப்படி என்று 1964இல் அமெரிக்கச் செவிலியர் இதழில் எழுதியிருக்கிறார். நோயாளி பேசினால் கேட்பது, பேசாவிட்டால் பேச வைக்காமல் இருப்பது, பயந்தால் கையைப் பிடித்துக்கொள்வது, அறையை விட்டு நகராமல் இருப்பது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. இன்னொருவர் அழுதுகொண்டோ வாயடைத்துப்போயோ கிடக்கும்போது எட்டு மணி நேரம் எதுவும் 'செய்யாமல்' உடனிருப்பது எவ்வளவு கடினம் என்பது, மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இரவு விழித்தவர்களுக்குத் தெரியும்.

பலன் எவ்வளவு?

சஸ்காச்சுவான் மருத்துவர்கள் தொடர்ந்து நல்ல முடிவுகளையே அறிவித்தார்கள். 1958இல் காலின் ஸ்மித் வெளியிட்ட ஆய்வில் 24 குடிநோயாளிகள் இடம்பெற்றனர். பாதிப் பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பல நூறு பேர் சிகிச்சை பெற்றார்கள். ஓராண்டு கழித்தும் குடிக்காமல் இருந்தவர்கள் 40 முதல் 45 விழுக்காடு என்று குழு சொன்னது. வழக்கமான சிகிச்சைகள் தோற்றுப்போன நோயாளிகளே இவர்களிடம் வந்ததை வைத்துப் பார்த்தால், இது பெரிய எண்.

ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் முறையான ஒப்பீட்டுக் குழு இல்லை. அக்கறையோடு வாரக்கணக்கில் கவனிக்கப்பட்டதாலேயே ஒருவர் தேறியிருக்கலாம். அது மருந்தின் வேலை என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி நியாயமானது.

டொராண்டோ ஆய்வு என்கிறார்களே, அது என்ன?

அந்த நியாயமான கேள்விக்கு விடை தேடித்தான் டொராண்டோவிலிருந்த அடிமைநோய் ஆய்வு நிறுவனத்தில் ரெஜினால்ட் ஸ்மார்ட்டும் தாமஸ் ஸ்டார்மும் அவர்களுடைய குழுவினரும் 1960களின் நடுவில் ஒரு கட்டுப்பாட்டு ஆய்வை நடத்தினார்கள். 30 நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். 10 பேருக்கு எல்.எஸ்.டி.; 10 பேருக்கு எஃபிட்ரின் என்ற ஊக்க மருந்து; மீதி 10 பேருக்கு இவை எதுவும் இல்லாமல் வழக்கமான சிகிச்சை மட்டும். மருந்தின் விளைவை மட்டும் தனியே பிரித்து அளப்பதற்காக, சூழலின் பங்கை முடிந்தவரை நீக்கினார்கள். எல்.எஸ்.டி.யின் அளவோ 800 மைக்ரோகிராம். நோயாளியைக் கட்டிலோடு வாரால் பிணைத்திருந்தார்கள். மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே முடிவு.

ஆஸ்மண்ட் குழுவினர் கொதித்துப்போனார்கள். அவர்களுடைய கணக்கில் அறை, இசை, பூ, பக்கத்திலிருக்கும் மனிதர் எல்லாம் மருந்தோடு சேர்ந்த சிகிச்சை. டொராண்டோவின் கணக்கில் அவை ஆய்வைக் கெடுக்கும் தூசு. வயிற்றைக் கிழித்துவிட்டுத் தையல் போடாமல் விட்டுவிட்டு அறுவை சிகிச்சை பயனில்லை என்று சொல்ல முடியுமா என்று ஆஸ்மண்ட் தரப்புக்காகக் கேட்கத் தோன்றுகிறது. அதே நேரத்தில், 'எங்கள் கைப்பக்குவத்தில்தான் பலிக்கும்' என்று சொல்லும் எந்த வைத்தியத்தையும் அறிவியல் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்பதையும் மறுக்க முடியாது. என் சாய்வு ஆஸ்மண்டின் பக்கம்; டொராண்டோக்காரர்களை வில்லன்களாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பின்னாளில் யாரேனும் பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்களா?

2012இல் நார்வேயைச் சேர்ந்த டெரி கிரெப்ஸும் பால் ஓர்யான் யோஹான்சனும், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து நடத்தி 1960களிலும் 1970இலும் வெளியான ஆறு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். மொத்தம் 536 பேர். ஒரே ஒரு முறை எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 59 விழுக்காட்டினரிடமும், ஒப்பீட்டுக் குழுவினரில் 38 விழுக்காட்டினரிடமும் முன்னேற்றம் இருந்தது. பலன் சில மாதங்களுக்குத் தெளிவாகத் தெரிந்து, ஓராண்டு நெருங்கும்போது தேய்ந்துபோனது. ஆஸ்மண்ட் சொன்ன அளவுக்குப் பெரிதும் இல்லை, டொராண்டோ சொன்னதுபோல வெறுமையும் இல்லை.

'சைகடெலிக்' என்ற சொல் எப்படி வந்தது?

1953 மே மாதம் ஆஸ்மண்ட் ஒரு மருத்துவ மாநாட்டுக்காக லாஸ் ஏஞ்சலீஸ் சென்றபோது எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் வீட்டில் தங்கினார். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்த 0.4 கிராம் மெஸ்கலினை ஹக்ஸ்லிக்குக் கொடுத்துவிட்டு அருகில் காத்திருந்தார். ஹக்ஸ்லிக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தவர் என்ற கெட்ட பெயரோடு இலக்கிய வரலாற்றில் இடம்பிடித்துவிடுவோமோ என்ற அச்சம் அப்போது தமக்கு இருந்ததாக ஆஸ்மண்ட் பின்னர் எழுதினார். அந்தப் பயம் வீணானது. ஹக்ஸ்லி ஒரு பூக்குவளையிலிருந்த மூன்று பூக்களையும் தம் கால்சட்டையின் மடிப்புகளையும் பார்த்து வியந்துகொண்டிருந்தார். அந்த அனுபவத்தை அவர் 1954இல் நூலாக்கினார்.

இவ்வகை மருந்துகளுக்குப் பொதுப்பெயர் ஒன்று தேவைப்பட்டது. 'மாயத்தோற்ற மருந்து', 'பித்துத்தோற்ற மருந்து' என்ற பெயர்களெல்லாம் நோயின் பக்கத்திலிருந்தே சூட்டப்பட்டவை. நோயாளிகள் சொன்ன அமைதிக்கும் தெளிவுக்கும் அவற்றில் இடமில்லை. 1956இல் இருவரும் கடிதத்தில் ஈரடிப் பாட்டாக ஆளுக்கொரு பெயரை முன்மொழிந்தார்கள். ஹக்ஸ்லி சொன்னது ஃபனரோதைம். ஆஸ்மண்டோ, நரகத்தின் ஆழத்தையோ தேவர்களின் உயரத்தையோ அறிய வேண்டுமானால் ஒரு சிட்டிகை சைகடெலிக் போதும் என்று பதில் பாட்டு எழுதினார். மனம், வெளிப்படுத்துதல் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் 'மனம்காட்டி' எனலாம். 1957இல் நியூயார்க் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியது. பத்தாண்டுக்குள் அந்தச் சொல் சுவரொட்டிக்கும் சட்டைத்துணிக்கும் போய்விட்டதை ஆஸ்மண்ட் நிச்சயம் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மருத்துவமனைக் கட்டடத்துக்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, பலரும் அறியாத, ஆனால் நிலைத்து நின்ற பங்களிப்பு அது. ரெஜைனா நகரின் கட்டடக் கலைஞர் கியோ இசுமியிடம் மனநல மருத்துவமனை வடிவமைப்பு பற்றிப் பேச்சு வந்தபோது, அவர் எல்.எஸ்.டி. எடுத்துக்கொண்டு பழைய மருத்துவமனைக்குள் நடந்து பார்த்தார். முடிவே இல்லாமல் நீளும் நடைக்கூடம், ஒளியைத் தெறிக்கும் ஓடுகள், கதவில்லாமல் இருட்டாகத் திறந்து கிடக்கும் சுவர் அலமாரி, தரையில் கால் எட்டாத உயரக் கட்டில் ஆகியவை சாதாரண நாளில் யார் கண்ணிலும் படாதவை. புலன்கள் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அவை ஒவ்வொன்றும் மிரட்டலாகத் தெரிவதை இசுமி உணர்ந்தார். நீண்ட கூடங்களை ஒழித்து, சிறு குழுவாக வாழும் அமைப்பாகவும் தனிமைக்கு இடம் தருவதாகவும் அவர் வரைந்த திட்டம் யார்க்டன் நகரில் கட்டடமாயிற்று. மனிதர்களைக் கூட்டிச் சேர்க்கும் இடம், விலக்கி வைக்கும் இடம் என்று ஆஸ்மண்ட் பிரித்துக் காட்டியது இன்றும் கட்டடக்கலை மாணவர்களுக்குப் பாடமாகிறது.

பழங்குடியினரின் பெயோட்டிச் சடங்கில் அவர் கலந்துகொண்டாரா?

ஆம். கனடாவில் அமெரிக்கப் பூர்வகுடித் திருச்சபையினர் பெயோட்டியைப் புனிதப் பொருளாக உண்பதைத் தடைசெய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அவர்கள் தங்கள் சடங்கை நேரில் பார்க்க ஆய்வாளர்களை அழைத்தார்கள். 1956 அக்டோபரில், வடக்கு பேட்டில்ஃபோர்ட் அருகே ஒரு கூடாரத்தில் இரவு முழுவதும் மேளமும் பாட்டும் நெருப்புமாக நடந்த வழிபாட்டில் ஆஸ்மண்ட் பெயோட்டி உண்டு பங்கேற்றார். ஹாஃபர் உள்ளிட்ட சிலர் பார்வையாளர்களாக இருந்தார்கள். இது போதை விருந்து அல்ல, வழிபாடு என்றே ஆஸ்மண்ட் எழுதினார். சூழலைப் பற்றிய அவருடைய கருத்துக்கு இந்த இரவு உரம் சேர்த்திருக்க வேண்டும். பல தலைமுறைகளாகச் சூழலைச் சரியாக அமைத்து வந்தவர்கள் அவர்கள்தானே.

அமெரிக்க உளவுத்துறையின் எல்.எஸ்.டி. சோதனைகளும் இதுவும் ஒன்றா?

இல்லை. சி.ஐ.ஏ.வின் எம்.கே.அல்ட்ரா திட்டம் 1953இல் தொடங்கியது. மனிதர்களை வசப்படுத்தவும் விசாரணையில் உடைக்கவும் வழி தேடியது. பலருக்கு அவர்கள் அறியாமலே மருந்து கொடுக்கப்பட்டது. கனடாவிலேயே மாண்ட்ரியலில் மனநல மருத்துவர் யூவன் கேமரன் நடத்திய கொடிய பரிசோதனைகளுக்கு அதன் பணம் போனது. ஒரே மருந்து, ஒரே நாடு, ஒரே பத்தாண்டு என்பதால் இரண்டும் குழம்பிப்போகின்றன. வேய்பர்னில் நடந்தது வெளிப்படையான மாகாண அரசு ஆய்வு. அன்றைய ஒப்புதல் முறைகள் இன்றைய தரத்துக்குப் போதாதவை என்பது வேறு விஷயம்.

பிறகு ஏன் எல்லாம் நின்றுபோனது?

எல்.எஸ்.டி. ஆய்வகத்திலிருந்து தெருவுக்கு வந்தது. 1960களின் நடுவில் சாண்டோஸ் வழங்கலை நிறுத்தியது, 1966இல் கலிஃபோர்னியா தடை செய்தது, 1971இல் ஐ.நா. ஒப்பந்தம் அதை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. தாலிடமைடு மருந்தால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த பிறகு, 1962 முதல் மருந்து ஆய்வு விதிகளே இறுகிவிட்டன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; மருத்துவர், நோயாளி இருவருக்கும் தெரியாமல் மருந்தையும் மருந்துப்போலியையும் கொடுத்து ஒப்பிடும் முறை கட்டாயமாகிக்கொண்டு வந்த காலத்தில், எட்டு மணி நேரம் நிறங்களைக் காட்டும் மருந்தை எப்படி மறைத்துக் கொடுப்பது?

இன்றைய ஆய்வுகள் எங்கே நிற்கின்றன?

2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு வெளியிட்ட சைலோசைபின் ஆய்வோடு கதவு மறுபடி திறந்தது. குடிநோய்க்கு வருவோம்: 2022இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் போகன்ஷூட்ஸ் குழு, 93 பேரை வைத்து நடத்திய ஆய்வை வெளியிட்டது. அனைவருக்கும் உளவியல் சிகிச்சை. அதனோடு ஒரு பாதிக்கு இரண்டு முறை சைலோசைபின், மறு பாதிக்குத் தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்து. அடுத்த 32 வாரங்களில் அளவுமீறிக் குடித்த நாட்கள் முதல் குழுவில் 9.7 விழுக்காடு, மற்றதில் 23.6 விழுக்காடு. ஆஸ்மண்டின் உள்ளுணர்வுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்துக் கிடைத்த சான்று என்று இதைச் சொல்லலாம். ஆயினும் தமக்குக் கிடைத்தது எந்த மருந்து என்பதைப் பங்கேற்றவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். மருந்தின் விளைவை மட்டும் தனியே பிரித்து அளப்பது எப்படி என்று டொராண்டோவில் எழுந்த சிக்கல் அப்படியே இருக்கிறது.

ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபினையும், எம்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு மனமாற்ற மருந்தையும் குறிப்பிட்ட நோய்களுக்குப் பரிந்துரைக்க இடம் கொடுத்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போ எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கான விண்ணப்பத்தை 2024 ஆகஸ்டில் ஏற்க மறுத்தது.

இந்தியாவில் இந்தச் சிகிச்சை கிடைக்குமா? கொடைக்கானல் காளானைச் சாப்பிட்டுப் பார்க்கலாமா?

கிடைக்காது; சாப்பிடவும் கூடாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் எல்.எஸ்.டி.யும் சைலோசைபினும் உள்ளன. எல்.எஸ்.டி.யில் 0.002 கிராம் வரை 'சிறு அளவு', 0.1 கிராமுக்கு மேல் போனால் 'வணிக அளவு', அதற்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை. மலையில் சுற்றுலாப் பயணிகளிடம் பொட்டலம் கட்டி விற்கப்படும் காளானில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அது அந்தக் காளான்தானா என்பதெல்லாம் விற்பவருக்கே தெரியாது. ஆஸ்மண்டின் ஆய்வைப் படித்துவிட்டு அதை வாங்கத் துணிபவர், அந்த ஆய்வின் பாதியைத்தான் படித்திருக்கிறார். மருந்து இருக்கும், அறையும் துணையும் இருக்காது. குடியிலிருந்து மீள உதவி தேடுபவர்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ அணுகலாம்.

யாருக்கு இது ஆபத்து?

தமக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ மனச்சிதைவு அல்லது இருதுருவ நோய் இருந்தால், இன்றைய ஆய்வுகளில் சேர்த்துக்கொள்வதே இல்லை. லித்தியம் உட்கொள்பவர்களுக்கு வலிப்பு வரும் அபாயம் உண்டு. இதய நோயாளிகளையும் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். மருந்தின் பிடியிலிருப்பவர் பச்சைப்பிள்ளை போலப் பிறரை நம்பும் நிலையில் இருப்பதால், கூட இருப்பவர் நடத்தை தவறினால் தடுக்க ஆளில்லை என்பதும் மருந்தியலுக்கு வெளியே உள்ள, ஆனால் மெய்யான ஆபத்து.

வேய்பர்னில் இப்போது என்ன இருக்கிறது?

நோயாளிகளை ஊருக்குள் அனுப்பிச் சிகிச்சை அளிக்கும் கொள்கை 1960களில் வலுத்ததும் மருத்துவமனை காலியாகத் தொடங்கியது. பிற்காலத்தில் அதன் பெயரும் பயனும் மாறின. கட்டடம் 2009இல் இடிக்கப்பட்டது. இசுமி மருந்தின் துணையோடு நடந்து பார்த்தவை போன்ற அந்த நீண்ட கூடங்கள் இப்போது இல்லை.